பச்சோந்திக்கு வீடு கட்டினோம்

குப்பை கொட்டப் போன இடத்தில்தான் அதைப் பார்த்தேன். பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் மாதக் கடைசியென்றால் குப்பைத் தொட்டிப் பக்கம் சந்தை கூடியதுபோல இருக்கும். காலி செய்கிறவர்கள் சோபா, மெத்தை, மேஜை விளக்கு என்று விட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சனிக்கிழமை காலை ஒரு கண்ணாடி மீன்தொட்டி கிடந்தது. செடி வைக்க உதவுமே என்று குனிந்தேன். உள்ளே கிடந்த காய்ந்த குச்சி ஒரு கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தது.

பச்சோந்தி! உடம்பெல்லாம் கருத்து, கண்கள் குழி விழுந்து, அக்டோபர் குளிரில் அசையாமல் கிடந்தது. வீடுகளை வாடகைக்கு விடும் வளாகத்து லீசிங் ஆபீஸுக்கு ஓடினேன். போனவர்கள் போனை எடுக்கவில்லையாம். வேண்டுமானால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அங்கிருந்த பெண். என் சால்வையைத் தொட்டி மேல் போர்த்தித் தூக்கிக்கொண்டு மாடியேறினேன்.

"மச்சான், கதவ நல்லா தொறங்க. செம வெயிட்டு."

என் கணவர் சால்வையை விலக்கிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "ஏய், ஓணானா? நம்ம லீஸ்ல பூனைக்கே பர்மிஷன் வாங்கணுமே!"

"ஆபீஸ்ல கேட்டுட்டுதான் எடுத்துட்டு வரேன். இது ஓணான் இல்ல, பச்சோந்தி."

எங்கள் மகள் அறையிலிருந்து ஓடிவந்து தொட்டி முன் உட்கார்ந்தாள். "மாம், இஸ் இட் அலைவ்?" அவளுக்குப் பதில் சொல்வதுபோல அது மறு கண்ணையும் மெல்லத் திறந்தது.

ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்து அன்று மதியமே போனோம். அவர் அதைத் தன் விரல்களில் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். உடம்பில் தண்ணீர் இல்லை, அதனால்தான் கண் உள்ளே போயிருக்கிறது. எலும்பு மெலிந்து முன்கால் வளைந்திருக்கிறது. ஆனால் பிழைக்கும் என்றார். கடைசி வார்த்தையைக் கேட்டதும் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

தொட்டியில் கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்ததே என்று கேட்டேன். பெரும்பாலான பச்சோந்திகள் கிண்ணத்துத் தண்ணீரைச் சீந்துவதே இல்லையாம். இலையில் விழும் சொட்டைத்தான் நக்கிக் குடிக்குமாம். ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் போதாதா என்றார் கணவர். எலும்புக்கு வேண்டிய கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும், அதற்கென்றே இருக்கும் குழல் விளக்கு வேண்டும் என்றார் டாக்டர். மீன்தொட்டியும் ஆகாது. காற்றோட்டமான உயரமான வலைக்கூண்டு, ஏறுவதற்குக் கிளைகள், ஒளிந்துகொள்ள நிஜச் செடிகள். முக்கியமாக, தொட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது.

திரும்பும்போது காரை ஓட்டிய கணவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். கோபமோ என்று நினைத்தேன். சிக்னலில் நின்றதும் சட்டென்று திரும்பினார்.

"ஒரு டப்பால ஊசியால ஓட்ட போட்டு கூண்டு மேல வெச்சா, தானா சொட்டும்ல? கீழ ஒரு ட்ரே வெச்சு கலெக்ட் பண்ணிடலாம்."

நாள் முழுக்க மென்பொருளைச் சோதிக்கிற மனிதருக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. நேராகக் கடைக்குப் போய் வலைக்கூண்டு, சூட்டுக்கு ஒன்று, கதிருக்கு ஒன்று என இரண்டு விளக்கு, கால்சியம் பொடி, ஒரு டப்பா உயிருள்ள வெட்டுக்கிளி எல்லாம் வாங்கினோம். ஹாலில் டிவி இருந்த மூலையைக் காலி செய்தோம். மணி பிளான்ட் இரண்டு தொட்டி உள்ளே போயின. குளிருக்காக பால்கனியிலிருந்து உள்ளே கொண்டுவந்திருந்த என் செம்பருத்தியையும் அலசிக் கழுவி நடுவில் வைத்தேன். மருந்தே அடிக்காமல் வளர்த்த செடி. கணவர் நாற்காலி மேல் ஏறி விளக்கை மாட்டினார். மகள் வெட்டுக்கிளிகளைப் பொடியில் புரட்டுகிறேன் என்று டப்பாவைத் திறக்க, பாதி சோபாவுக்கு அடியில் போய்விட்டன. "டாட், டோன்ட் மூவ்! ஒன் இஸ் ஆன் யுவர் நெக்!" அவர் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ஆன்டி மேலே வந்து என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பச்சோந்தியைக் கிளையில் விட்டோம். அது கண்ணை மூடிக்கொண்டது. மேலே டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டி, மணி பிளான்ட் இலையில் உருண்டு, அதன் மூக்கருகே விழுந்தது. நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் ஒன்றுமில்லை. டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அப்போது ஒரு சொட்டு அதன் உதட்டில் பட்டது. வாய் திறந்தது. தலையை நிமிர்த்தி, இலையிலிருந்து ஒவ்வொரு சொட்டாகக் குடிக்க ஆரம்பித்தது.

"குடிக்குது, குடிக்குது!" என்றாள் மகள். எங்கள் கேள்விகளுக்கெல்லாம் இங்கிலீஷில் மட்டுமே பதில் சொல்கிறவள்.

இரண்டொரு நாளில் நிறம் தெளிந்தது. கருப்பு உதிர்ந்ததுபோலப் போய், பச்சையும் இடையிடையே மஞ்சள் பட்டையும் எழுந்தன. வெட்டுக்கிளி மேல் நாக்கை வீசியபோது, அதன் உடம்பைவிட நீளமான நாக்கு வந்ததும் போனதும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வெட்டுக்கிளி காணாமல் போனதுதான் தெரிந்தது. மூவரும் கை தட்டினோம்.

அடுத்த முறை டாக்டர் பார்த்தபோது எலும்பு கெட்டிப்படுவதாகச் சொன்னார். முன்கால் வளைவு நிமிராது, ஆனால் ஏறுவதற்கு அது தடையில்லை என்றார். தடையே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் காபியோடு வந்து பார்த்தபோது அது கூண்டின் உச்சிக் கிளையில் இருந்தது. நான் மாதக்கணக்கில் காத்திருந்த செம்பருத்தி முதல் பூ விட்டிருந்தது. அதைத்தான் பச்சோந்தி நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"மச்சான், சீக்கிரம் வாங்க, பூ சாப்பிடுது!" என்று கத்தினேன்.