ஐஸ் பெட்டியில் போன காந்தம்

போன மாதம் அடையாறிலிருந்து நந்தனம் போனேன். ஐந்தாறு கிலோமீட்டருக்குப் பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். வேளாங்கண்ணிக்கு நடந்தே போனபோதுகூட எனக்கு இப்படி வேர்க்கவில்லை.

என் அண்ணன் மகள் ஸ்டெல்லா ஆராய்ச்சி மாணவி. ஒரு படிகத்தை டேப்பால் ஒட்டி ஒட்டி உரித்து, அணு கனத்துக்கு ஏடு எடுப்பாள். ஒற்றை ஏட்டில் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் காந்தமாகிவிடுமாம். இரண்டு ஏடு சேர்ந்தால் மேலே உள்ளது ஒரு பக்கம், கீழே உள்ளது எதிர்ப்பக்கம்.

“உங்க அப்பா அம்மா மாதிரி” என்றேன். முறைத்தாள்.

இதெல்லாம் கடுங்குளிரில்தான் நடக்கும். அந்தக் குளிர் இயந்திரம் நந்தனத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அன்று பத்தரைக்கு அவள் முறை. தவறினால் அடுத்தது கிடைப்பதற்குள் உதவித்தொகை முடிந்துவிடும்.

வியாபாரம் முடித்த கையோடு, பெட்டி தூக்க நானும் போனேன். அவள் கல்லூரி வாசலில், ஏடு இருந்த ஸ்டீல் பெட்டியை ஆட்டோவில் என்னிடம் கொடுத்துவிட்டு அவள் கையெழுத்துப் போட உள்ளே போனாள். வருடக்கணக்காக மீன் விற்கிற கை சும்மா இருக்குமா? குளிர் வேண்டும் என்றாளே என்று, என் தெர்மாகோல் பெட்டியில் மிச்சமிருந்த ஐஸில் அதை வஞ்சிரம் மாதிரிப் படுக்கவைத்து, மேலேயும் ஐஸ் போட்டு மூடினேன்.

கோட்டூர்புரம் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அப்போதுதான் பெட்டி எங்கே என்று கேட்டாள். பெருமையாகத் திறந்து காட்டினேன். ஸ்டீல் பெட்டியை ஐஸிலிருந்து வெளியே பிடுங்கினாள்.

“ஈரம் பட்டா கரைஞ்சிடும் அத்தே.”

பெட்டியின் சின்னக் கண்ணாடி வழியே ஒரு பொட்டு தெரியும். நீலமாக இருந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது. சிவந்தால் ஈரம் புகுந்துவிட்டது. ஓரம் சிவக்க ஆரம்பித்திருந்தது. துடைக்கலாம் என்றால் என் முந்தானையோ சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“இன்னாமா, உள்ள கொயந்தையா கீது?” என்றார் டிரைவர். என் முந்தானையைப் பார்த்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து காய்ந்த துண்டை எடுத்து நீட்டினார். ஸ்டெல்லா மூடியிடுக்கைத் துடைத்தபடியே வந்தாள். நான் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி சிவந்தபோது ஆய்வுக்கூட வாசல் வந்தது. மணி பத்து இருபத்தைந்து.

மாலைவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒத்தை ஏடு காந்தமாச்சு அத்தே. ரெண்டு ஏடு இருந்த இடம் போச்சு.”

மூன்று மாத உழைப்பில் பாதி. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கிடைத்ததை வைத்து உதவித்தொகையை நீட்டிக்கக் கேட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

இந்த வழியில் போகிறவர்கள் ஒன்பதுக்குள் பாலத்தைத் தாண்டிவிடுங்கள். ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்தோம். அடுத்தவர் பொருளைத் தூக்கினால், அது எதைத் தாங்காது என்று முதலில் கேளுங்கள். எது வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.