ரெய்னோவின் பலமான இதயம்

எங்கள் ஹான்காக் ஊரில், எதிர்வீட்டு ரெய்னோவுக்கு மாரடைப்பு வந்தது வாசலில் பனி அள்ளும்போதுதான். பிழைத்ததும் ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்தார்கள். அது முடியும்வரை பனிவாரியைத் தொடக்கூடாது என்பது டாக்டர் கட்டளை. வேறெந்தக் கட்டளையையும் மனுஷன் இவ்வளவு பக்தியோடு கடைப்பிடித்ததில்லை.

வகுப்பு நாளில் விடியுமுன்பே அவர் மனைவி ஐலி பனிவாரியோடு இறங்கிவிடுவாள். தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி, இடுப்பளவுப் பனியை இவர்கள் வாசலில்தான் தள்ளிவிட்டுப் போயிருக்கும். ரெய்னோ காபியும் கையுமாக ஜன்னலைத் திறந்து, "பாத்து அள்ளுடி, இடுப்பு பிடிச்சுக்கப் போவுது!" என்று அக்கறையாகக் கத்துவார். பிறகு அவள் திறந்த வழியில் காரை ஓட்டிப்போய், நின்ற இடத்திலேயே நடக்கும் இயந்திரத்தில் நடந்துவிட்டு வருவார்.

கடைசி வகுப்பன்று மணியடித்து, கைதட்டி, சட்டை பரிசளித்தார்கள். "வாழ்க்கை எப்படி இருக்கு சார்?" என்றாள் நர்ஸ்.

"முன்னைக்கு இப்ப ரொம்ப சொகம்மா!"

அன்றும் பனி அள்ளிவிட்டுக் கூடவே வந்து, பக்கத்தில் நெஞ்சைப் பிடித்தபடி மூச்சு வாங்கிய ஐலியை நர்ஸ் அப்போதுதான் பார்த்தாள். "நீங்க புதுசா சேர வந்தவங்களாம்மா?"

ரெய்னோ பதறிவிட்டார். "அவ சேந்துட்டா, காருக்கு வழி யாரும்மா பண்றது?"