கூடையைத் திரும்பிப் பார்க்காத மல்லிகா மிஸ்

செவ்வாய்க்கிழமை காலை அடுப்பில் பால் வைத்திருந்தபோது மல்லிகா மிஸ்ஸின் மகன் அழைத்தார். "அம்மா போய்விட்டார்" என்று சிங்களத்தில் சொன்னார். அழுகை வருவதற்கு முன் எனக்குப் பயம் வந்தது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் மிஸ்ஸுக்கு ஒரு தங்கை இருப்பது பதுளையில் எனக்கு மட்டுமே தெரியும்.

அரசாங்க அலுவலகமொன்றில் இருபது வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தேன். எல்லோருக்கும் அவர் நல்ல சிங்களக் குடும்பத்துப் பெண். கோபக்காரர், கடிதத்தில் ஒரு பிழை இருந்தாலும் முகத்துக்கு நேரே கிழித்துப் போடுவார்.

ஒருமுறை சுற்றுலா போன வழியில், தேயிலை மலையொன்றில் கூடையை இரவல் வாங்கி முதுகில் மாட்டி ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். கூடையின் வாய் எங்கே என்று திரும்பித் தேடித்தான் எல்லோரும் இலையைப் போட்டார்கள். மிஸ் திரும்பவே இல்லை. இரண்டு கையாலும் கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலே வீசினார். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. நான் லுணுகலையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். என் அம்மா வீசுவது அப்படித்தான். நான் கவனித்துவிட்டதை அவரும் கவனித்துவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் முதல் தடவையாக என்னோடு தமிழில் பேசினார்.

"எம் பேரு மாரியாயி. கலவரத்துல லயத்தைக் கொளுத்துனப்ப ஓடியாந்தேன். ஒரு சிங்கள வீட்டுல ஒளிச்சு வச்சு, பேரை மாத்தி, மக மாதிரி வளத்தாங்க. எங்க பாட்டன் காலத்துல துரை சொல்லாம தோட்டத்த விட்டு வெளிய போக முடியாதாம். அடிமைப் பொழப்பு. நான் வெளிய வந்துட்டேன்."

பிறகு தங்கையின் தொலைபேசி எண்ணைத் தந்தார். "நான் செத்தா செல்லம்மாகிட்ட சொல்லிரு. ஆனா எம் புள்ளைங்களுக்குத் தெரியக்கூடாது."

இரண்டையும் ஒருத்தி எப்படிச் செய்வது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செல்லம்மாவுக்குச் சொன்னேன். பஸ் நிலையத்திலிருந்து நானே கூட்டிப் போனேன். "ஒப்பாரி வச்சிராதீங்கம்மா" என்றேன்.

"கூடப் பொறந்தவளுக்கு நான் அழக்கூடாதா?"

"அவங்கதான் பிள்ளைங்களுக்குத் தெரியக்கூடாதுன்னாங்க."

அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். சொல்லியிருக்கவே கூடாது என்று எனக்குப் பட்டது.

மரண வீட்டில் மகன், "இவர் யார்?" என்று கேட்டார். "எனக்குத் தெரிந்தவர்" என்றேன்.

பிக்குகள் ஓதும்போது குடும்பத்தார் மட்டும் சேர்ந்து கெண்டியைப் பிடித்து, கோப்பை நிரம்பி வழியும்வரை நீர் வார்ப்பது அவர்கள் வழக்கம். மகனும் மகளும் பாயில் உட்கார்ந்தார்கள். திடீரென்று மகள் எழுந்து எங்களிடம் வந்தார். செல்லம்மாவின் கையைப் பிடித்து, "புஞ்சி அம்மே" என்றார். சிங்களத்தில் சின்னம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அம்மா ஆஸ்பத்திரியில் என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டார்" என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டு, அவரைப் பாய்க்கு அழைத்துப் போனார்.

மகனின் முகம் வெளிறியது. யார் யார் பார்க்கிறார்கள் என்று கூட்டத்தைப் பார்த்தார். ஆனால் கெண்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. மூவரும் வார்த்த நீர் கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது. அப்போதுதான் செல்லம்மா, "ஏ மாரியாயி" என்று வாய்விட்டு அழுதார்.

போய் வாருங்கள், மிஸ். உங்கள் பெயரை ஊரே கேட்டுவிட்டது. நாளைக்கு உங்கள் பிள்ளைகளை யார் என்ன சொல்வார்களோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவர்களுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன்.