ஆசந்தி சுமந்த நாற்பத்தொரு பேர்

தெர்யோ எங்கே போனாலும் கையெழுத்து வாங்காமல் வீடு திரும்ப மாட்டார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, காதில் செருகிய பென்சில். முடி வெட்டிக்கொண்டால் நாவிதர் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணத்துக்குப் போனால் மணப்பெண். பல் பிடுங்கிக்கொண்ட அன்று, வாயில் பஞ்சோடு டாக்டரிடம் நோட்டை நீட்டினாராம். பதினோரு வருஷத்தில் இருபத்தாறு நோட்டுகள் நிரம்பிவிட்டன.

"கக்கூசுக்குப் போனா யாருகிட்ட வாங்குவீங்க, நோங் தெர்யோ?" என்று வண்டிக்காரர்கள் கேட்பார்கள். நோங் என்றால் அண்ணன்.

"அதுக்குத்தான் பொண்டாட்டி இருக்காளே" என்பார்.

அது விளையாட்டுப் பேச்சல்ல. நோட்டுகளில் பாதிக் கையெழுத்து கொன்சிங்குடையது. எத்தனை தடவை நீட்டினாலும் அவள் முணுமுணுக்காமல் போட்டாள். அவர் ஜெயிலுக்குப் போனதில் அவளுக்கும் பங்கு உண்டு.

காபுனான் ஊரில் பெரிய வெள்ளியன்று மாலை நாலு மணிக்கு ஊரே பவனியில் நடக்கும். போலீஸ்காரர்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடப்பார்கள். ஆகவே, திருட்டுச் சேவல் சண்டைக்கு வருஷத்தில் அதைவிடப் பத்திரமான நேரம் வாய்க்காது. மூங்கில் தோப்புக்குப் பின்னால் நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்கள் கூடுவார்கள். சேவலின் காலில் கத்தி கட்டுவது தெர்யோ. அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை.

அப்படி ஒரு பெரிய வெள்ளியன்று, அதே நேரத்தில், விவசாயிகள் சங்கத்தின் பம்ப் மோட்டார் திருடு போனது. சிவப்புச் சட்டை போட்ட ஒல்லியான ஆள் தூக்கிக்கொண்டு போனதாகப் பக்கத்து ஊர் வாத்து மேய்ப்பவன் சொன்னான். ஊர்த்தலைவர் கேப்டன் பஸிலியோ தேர்தலுக்கு இருநூறு சிவப்புச் சட்டை கொடுத்திருந்தார். வாங்கியதை நாள் தவறாமல் துவைத்து, மறுபடியும் அதையே போட்டுக்கொண்டவர் தெர்யோ ஒருவர்தான். அவரைப் பிடித்தார்கள்.

சேவல் சண்டையைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று, அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டார் தெர்யோ. இலவச வக்கீல் மொலினா சாட்சிக்குக் கொன்சிங்கைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் அப்ப வீட்ல தூங்கிட்டிருந்தார், சரிதானே?"

கொன்சிங்கின் கை பைபிள் மேல் இருந்தது. "எப்படிங்க? பவனிக்குக் கிளம்பறப்ப வீட்டைப் பூட்டுனது நான். சாவி என் மடியில இருந்துச்சு."

"உள்ளே அவர் இருந்தது உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கலாமே?"

"எட்டடிக்கு எட்டடி வீடுங்க. பூனை படுத்திருந்தாலே கால்ல இடறும்."

மொலினா கண்ணை மூடிக்கொண்டார். அன்று மாலை காவலறைக் கம்பிக்குப் பின்னாலிருந்து தெர்யோ கேட்டார்: "ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லச் சொல்லி நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? பைபிளைத் தொட்டப்புறம் எப்படி யோசிக்கிறது?"

இனி உண்மைதான் மிச்சம். சேவல் சண்டையில் இருந்ததாகத் தெர்யோ ஒப்புக்கொண்டு, அங்கே இருந்தவர்களின் பெயர்களையும் கொடுத்தார். ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறினார்கள். சேவல் சண்டையா? பெரிய வெள்ளியிலா? ஆண்டவரே என்று அலறாத குறையாக எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் பவனியில்தான் இருந்தார்களாம். சும்மா நடந்தேன் என்றால் யார் பார்த்தார்கள் என்று கேள்வி வரும். அதனால், இறந்த இயேசுவின் சொரூபத்தைக் கிடத்திய பாடையான ஆசந்தியைத் தோளில் சுமந்ததாகச் சொன்னார் கேப்டன் பஸிலியோ. அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும்.

முப்பத்தாறாவது ஆளிடம் நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அந்த ஆசந்தியில எத்தனை பேர் தோள் கொடுக்கலாம்?"

"எட்டுப் பேருங்க."

"நீங்க முப்பத்தாறாவது."

"பக்தி அதிகமான ஊருங்க இது."

மொத்தம் நாற்பத்தொரு பேர். நீதிபதி சிரிக்கத்தான் செய்தார். ஆனால் காகிதத்தில் ஏறியது அவர்களுடைய சத்தியம், அவருடைய சிரிப்பல்ல. தெர்யோவுக்கு இரண்டு வருஷம் நாலு மாசம்.

தான் நிரபராதி என்று ஜெயில் வார்டரிடம் சொல்லிப் பார்த்தார். "இங்க இருக்கிற முந்நூறு பேரும் அதான் சொல்றாங்க" என்றார் வார்டர். "இந்தக் கட்டடத்துல தப்புப் பண்ணவன் நான் ஒருத்தன்தான் போல."

வெளியே வந்த நாளே முதல் நோட்டை வாங்கினார். பேருந்து நடத்துனர்தான் முதல் கையெழுத்து. திருடன் என்று அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் சங்கக் கொட்டகைப் பக்கம் அவர் போனால் யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அதற்குள் தன் பெயரைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று கொன்சிங்கிடம் சொல்வார். எதற்குள் என்று சொல்ல மாட்டார்.

அவர் வெளியே வந்த பதினோராம் வருஷம் தூரத்துத் துறைமுக ஊரில் ஒரு திருடன் அகப்பட்டான். தன் தொழிலில் பெருமை உள்ளவன். பழைய கணக்கையெல்லாம் ஒப்பித்ததில் காபுனான் மோட்டாரும் வந்தது. மொலினா மனுப் போட்டார். ஆனால் திருடனுக்குத் தெர்யோவும் கூட்டாளியாக இருந்திருக்கலாம் என்று அரசு வக்கீல் சொன்னார். அந்த நேரம் அவர் வேறு இடத்தில் இருந்ததைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கொன்சிங் பஸிலியோவிடம் போனாள். "சேவல் சண்டைக் கேசெல்லாம் காலாவதி ஆயிடுச்சாம், கேப்டன். இப்பச் சொன்னா யாரையும் பிடிக்க மாட்டாங்களாம்."

பஸிலியோவின் முகம் மலர்ந்தது. "அப்படியா? அன்னிக்கு என் வெள்ளைச் சேவலைப் பார்த்திருக்கணும் நீ. ஒரே எத்து. உன் புருஷன் கட்டுன கத்தியாச்சே."

"அதையே கோர்ட்டுல வந்து சொல்லுங்க."

மலர்ந்த முகம் மூடிக்கொண்டது. "கோர்ட்டுல நான் ஆசந்தி தூக்குனேன்னுல்ல சத்தியம் பண்ணிருக்கேன். பொய்ச் சத்தியத்துக்குக் காலாவதி உண்டா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது மட்டுமில்ல கொன்சிங். அந்தச் சாட்சியைக் கேட்டுத்தான் என்னை ஆசந்திச் சபைக்குத் தலைவராக்குனாங்க."

நாற்பத்தொரு பேரும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். கொன்சிங் சந்தைக்கு வந்து, பசையரிசியை ஓலையில் சுற்றி வேகவைத்த இபோஸ் விற்பவளும், ஊரார் ‘நாங்’ (அக்கா) என்று கூப்பிடுபவளுமான இஸ்யாங்கின் கடைமுன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கு மூக்கைச் சிந்தற? என் இபோஸ்ல விழுந்துடப் போவுது."

கொன்சிங் சொன்னாள்.

"நான் அங்கதானே இருந்தேன்" என்றாள் இஸ்யாங்.

"நீங்களா?"

"பின்ன? நாப்பது ஆம்பளைங்க வெறும் வயித்தோடயா சண்டை பார்ப்பாங்க? கூடையோட போனேன்."

"நாங், இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?"

தெர்யோ கொடுத்த பட்டியலில் இஸ்யாங் இல்லை. வக்கீலுக்குத் தோன்றவில்லை. வாராவாரம் அவளிடம் இபோஸ் வாங்குகிற கொன்சிங்குக்கும் தோன்றவில்லை.

கோர்ட்டில் அரசு வக்கீல் இளக்காரமாகக் கேட்டார்: "இத்தனை வருஷத்துக்கு முன்னாடி ஒரு கூட்டம். அதுல இவரு இருந்தாருன்னு எப்படிம்மா ஞாபகம்?"

"நாலு இபோஸ் சாப்பிட்டாருங்க. கத்தி கட்டுற கை, காசை எடுக்க முடியாது, சண்டை முடிஞ்சதும் தரேன்னாரு. அப்பத்தான் கோயில்ல மணிக்குப் பதிலா மரக்கட்டை தட்டுற சத்தம் கேட்டுச்சு, பவனி கிளம்பிடுச்சு. அதுக்கப்புறமும் மூணு சேவலுக்குக் கட்டுனாரு. கடைசியில யாரோ போலீஸ்னு கத்த, எல்லாரும் ஓடிட்டாங்க. காசு வரல."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"ஜெயிலுக்குப் போன மனுசன்கிட்ட நாலு இபோஸுக்கா போய் நிக்கறது? கேக்கல. ஆனா மறக்கல. கடன் வச்ச முகம் எனக்கு மறக்காதுங்க. அதோ, உங்க குமாஸ்தா ரெண்டு தரணும்."

குமாஸ்தா குனிந்து எதையோ எழுதினார்.

பழைய தீர்ப்பு ரத்தானது. புதிய தீர்ப்பின் ஏழாம் பக்கத்தில் நான்கு இபோஸ் பற்றி ஒரு பத்தி இருந்தது. மொலினா அதைச் சத்தமாகப் படிக்க, தெர்யோ மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மறுநாள் காலை கொன்சிங் முந்தானை முடிச்சு மாதிரி இறுகக் கட்டிய கைக்குட்டையை அவிழ்த்து, பெசோ நாணயங்களை எண்ணிக்கொண்டு கிளம்பினாள். தெர்யோ வாசலை மறித்தார்.

"குடுக்காதே."

"வெக்கமா இல்ல? நாலு இபோஸ்."

"குடுத்துட்டா தீர்ந்துடும். அப்புறம் நான் அங்க இருந்தேன்னு அந்தம்மா எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்?"

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். சந்தையில் அவரைப் பார்த்தால் இஸ்யாங் உரக்கக் கூப்பிடுவாள்: "நாலு இபோஸ்!" அவர் தொப்பியைத் தூக்கிவிட்டு, நாலு பேர் காதில் விழட்டும் என்று மெதுவாக நடந்து போவார். அவர் இறந்த வாரம் கொன்சிங் கைக்குட்டையோடு கடைக்குப் போனாள். இஸ்யாங் காசைத் தொடவில்லை.

"உன்கிட்ட யாரு கேட்டா?" என்றாள். "கடன்காரன் அவன்."