பாடுகிற வாட்சும் மரவாடி முதலாளியும்

மரவாடி முதலாளி தன் சொந்த மாப்பிள்ளைக்கு இரண்டு மாதச் சம்பளம் கடன்பட்டிருந்தார். கையில் காசில்லாமல் அல்ல. அவர் பெட்டி காலியாக இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தலையில் பலகை சுமந்தார், கைவண்டி இழுத்தார், பழைய ரம்பம் ஒன்றைத் தவணைக்கு எடுத்தார். இன்றைக்கு இரண்டு ரம்பம் ஓடுகிற மரவாடி யார் தயவிலும் வந்ததல்ல. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. இதை அவரே நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். சொன்னால் என்ன தப்பு? பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் அந்த வாசலில் வேலை கேட்டு நின்றிருக்கிறார்கள்.

சம்பளத்தைப் பிடித்து வைத்ததற்குக் காரணம் சந்தேகம்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு மரவாடி உண்டு. அதை நடத்துகிறவரை எல்லோரும் எதிர்வாடி அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கொஞ்ச நாளாக முதலாளி எந்த வேலைக்கு விலை சொன்னாலும், அந்த அம்மா ஒரு நூல் கீழே சொல்லி வேலையைத் தட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக் கதவு போனது. ஓட்டல் மாடிப்படி போனது. ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரு நூல் கீழே என்றால், உள்ளேயிருந்து யாரும் ஓதாமல் நடக்குமா?

ஓதுகிறவர் யார் என்று யோசித்தபோது அவர் கண் போய் நின்ற இடம் மாப்பிள்ளையின் மணிக்கட்டு.

மாப்பிள்ளை ஆபீஸ் அறையில் கணக்கெழுதுகிறவர். சாது. வந்த புதிதில் போனும் கையுமாக இருந்தார். "வேலை நேரத்துல போன் டிராயருக்குள்ள இருக்கணும் மாப்பிள்ளை" என்று முதலாளி சட்டம் போட்டார். மாப்பிள்ளையும் மறுபேச்சில்லாமல் டிராயரில் போட்டுவிட்டார். ஆனால் அடுத்த வாரமே கறுப்புக் கண்ணாடி வைத்த ஒரு வாட்சும், காது இரண்டையும் மூடுகிற பெரிய ஹெட்போனுமாக வந்து உட்கார்ந்தார். வாட்சுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் ஒரு வயர் கூட இல்லை.

"மாப்பிள்ளை, காதுல என்ன ஓடுது?"

"பாட்டு மாமா."

"போன்தான் டிராயர்ல கெடக்கே?"

"வாட்ச்லயே பாட்டு ஏத்தி வெச்சிருக்கேன் மாமா. அதுல இருந்து நேரா காதுக்கு வந்துடும்."

"எதுல ஏறி வரும்?"

"காத்துலதான் மாமா."

காற்றில் பாட்டு வருமென்றால் காற்றில் விலையும் போகுமே! முதலாளி அன்றிலிருந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார்.

விலை சொல்வதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. போனை எடுத்ததும், "நிறுத்துப்பா!" என்று கையைத் தூக்குவார். ரம்பக்காரர் இரண்டு ரம்பத்தையும் நிறுத்துவார். வாடியே அடங்கிய பிறகுதான் கன அடிக்கு இவ்வளவு என்று சொல்வார். அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் விரல் வாட்சைத் தொட்டது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. ரம்பம் நின்றால் விரல் போகும். மறுபடி ஓடினால் மறுபடி போகும்.

"என்னத்த மாப்பிள்ளை அப்பப்ப தொடுறீங்க?"

"ரம்பம் நின்னா பாட்டு காதைப் பொளக்குது மாமா. குறைச்சுக்குவேன். ஓடினா கூட்டிக்குவேன்."

கேட்ட மாத்திரத்தில் பதில்! நல்லவனுக்குப் பதில் யோசித்துத்தான் வரும், திருடன்தான் கையிலேயே வைத்திருப்பான் என்பது முதலாளியின் கணக்கு. முகத்துக்கு நேரே கேட்கவும் முடியாது. மாப்பிள்ளை ஆயிற்றே, 'வாங்க போங்க' என்று மரியாதை கொடுத்துக்கொண்டே சந்தேகப்பட வேண்டியிருந்தது. அதனால் சம்பளத்தில் கை வைத்தார்.

மகள் வந்து நின்றாள்.

"அப்பா, அவருக்குச் சம்பளம் எப்ப தருவீங்க?"

"கணக்குப் பாக்கணும்மா."

"கணக்கெழுதுறதே அவர்தானே, அப்புறம் நீங்க என்னத்தப் பாக்கறீங்க? இந்த மாசமும் இழுத்தீங்கன்னா நாங்க கிளம்பிடுவோம். வெளியூர் கம்பெனி ஒண்ணுல அவரைக் கூப்பிடுறாங்க."

"பேரனையுமா கூட்டிட்டுப் போவ?"

"பின்னே, அவனை உங்க ரம்பத்துக்கா விட்டுட்டுப் போவாங்க?"

அது சுருக்கென்று தைத்தது. குற்றவாளி என்றால் போகட்டும். குற்றம் இல்லையென்றால், தன் கையாலேயே வீட்டை வெறிச்சோட வைத்ததாகிவிடும். மாப்பிள்ளையும் வாட்சும் பக்கத்தில் இல்லாமல் ஒரு விலை சொல்லிப் பார்த்துவிட வேண்டும்.

பள்ளிக்கூடம் ஒன்றுக்கு பெஞ்சு செய்யப் பெரிய வேலை வந்தது. முதலாளி முதல்நாளே மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீங்க மர டிப்போவுக்குப் போய் மரம் அளந்துட்டு வாங்க. அந்த வாட்சையும் காதுல மாட்டறதையும் இங்க கொடுத்துட்டுப் போங்க. டிப்போ பக்கம் களவு ஜாஸ்தி."

மாப்பிள்ளை ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கழற்றிக் கொடுத்தார்.

இரும்புப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் முதலாளி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனைக் காதில் மாட்டினார். எதிர்வாடி அம்மாவின் குரல் எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்று அவருக்கு நிச்சயம். வாட்சில் ஒரு முக்கோணம் தெரிந்தது. தொட்டார். ரம்பச் சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. ஒருத்தி பாட ஆரம்பித்தாள். அடி எடுக்குமுன் அவள் மூச்சை இழுப்பது கூடக் கேட்டது. 'பாடு, பாடு, எங்கே போய் முடிக்கிறாய் பார்க்கிறேன்' என்று முதலாளி காத்திருந்தார். பாட்டுதான் முடிந்தது. அடுத்ததும் பாட்டு. அதற்கடுத்ததில் ஒரு புல்லாங்குழல். துப்புத் துலக்கத்தான் கேட்டார், ஆனால் நடுவில் ஒரு பாட்டைத் திரும்ப வைக்க எந்த இடத்தைத் தொட வேண்டும் என்றும் தேடினார். பொழுது சாய்ந்த பிறகே பெட்டியைப் பூட்டினார்.

மறுநாள் மாப்பிள்ளை டிப்போவில். வாட்ச் பெட்டிக்குள். முதலாளி கையைத் தூக்கினார், ரம்பம் நின்றது, பெஞ்சுக்கு விலை சொன்னார்.

அன்று மாலையே பள்ளிக்கூடத்துக்காரர்கள் போனில் கூப்பிட்டார்கள். வேலை எதிர்வாடிக்குப் போய்விட்டதாம், ஒரு நூல் கீழே.

இரும்புப் பெட்டிக்குள்ளிருந்துமா ஒட்டுக் கேட்டது! முதலாளி வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். எதிர்வாடி அம்மா காதில் பென்சில் செருகியபடி பலகை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இத வெச்சுத்தானே என் குடியைக் கெடுக்கற?"

"என்னண்ணே இது, வாட்சா? எனக்கெதுக்கு?"

"என் மாப்பிள்ளை இதுலதானே உனக்கு விலை சொல்றாரு?"

"உங்க மாப்பிள்ளையா? அவர் என்னைப் பாத்து ஒரு சிரிப்பு கூடச் சிரிச்சதில்லண்ணே. காதை மூடிக்கிட்டுத் தலையை ஆட்டிக்கிட்டே போவாரு."

"அப்போ எவன் சொன்னான்?"

"நீங்கதான்."

"நானா?"

"உங்க ரம்பம் நின்னா நான் பென்சிலை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்துடுவேன். தெருவே 'கப்'புனு அடங்கிடுது. நீங்க ரம்பம் இன்னும் ஓடுற மாதிரியே போன்ல கத்துறீங்க. காலையில என்ன சொன்னீங்க? பெஞ்சுக்கு வேங்கை, காலுக்கு வேப்ப மரம், ஏத்துக்கூலி தனி. சரியா?"

அட்சரம் பிசகவில்லை.

"நான் எங்கம்மா கத்துறேன்!" என்றார் முதலாளி. எதிர்வாடியில் பலகை அடுக்கிக்கொண்டிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தெருமுனையில் சைக்கிளில் போனவர் கூடக் காலை ஊன்றி நின்றார்.

"இப்பவும்தாண்ணே" என்றார் அந்த அம்மா.

முதலாளி திரும்பி வந்தபோது மாப்பிள்ளை டிப்போவிலிருந்து வந்து, தன் மேசை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். மகள் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"கணக்குப் பாத்தாச்சு மாப்பிள்ளை. எல்லாம் சரியா இருக்கு. இந்தாங்க உங்க வாட்ச்."

மாப்பிள்ளை அதைத் தட்டிப் பார்த்தார். "சார்ஜ் சுத்தமா இல்லையே மாமா. யார் பாட்டுக் கேட்டது?"

"பெட்டிக்குள்ள தனியா கெடந்துச்சே, பயத்துல தானா பாடியிருக்கும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"என்னைச் சந்தேகப்பட்டீங்களா மாமா?"

முதலாளிக்கு எதற்கும் தலை குனிந்து பழக்கமில்லை. "யாரையும் நம்பாமத்தான் இந்த வாடியக் கட்டினேன்" என்றார். பிறகு, "அதுல உங்களையும் சேத்துட்டேன். தப்புதான்" என்று முடித்தார். அவர் குரல் பக்கத்து மேசை வரைக்கும்தான் போயிருக்கும். பெட்டியைத் திறந்து நோட்டுக் கட்டை எடுத்தார்.

"கையை நீட்டுங்க."

ஒவ்வொரு நோட்டாக எச்சில் தொட்டு வைத்தார். முதல் மாதம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மாப்பிள்ளையின் கை மூடவில்லை.

"என்ன மாப்பிள்ளை?"

"இந்த மாசமும் நேத்தோட முடிஞ்சிடுச்சு மாமா."

முதலாளி மகளைப் பார்த்தார். அவள் பையைக் கீழே வைக்கவில்லை. மறுபடி பெட்டிக்குள் கையை விட்டு, மூன்றாவது மாதத்தையும் அந்த விரித்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.