மாமனாருக்கு ஒரு நல்ல வார்த்தை

மாட்டுத் தரகரின் தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: பொய் சொல்லக் கூடாது, குறையைத் திருப்பிப் போட வேண்டும். உதைக்கிற பசுவைத் 'துறுதுறுப்பான பசு' என்பார். தின்று தீர்க்கிற மாட்டைத் 'தீனிக்கு முகம் சுளிக்காத மாடு' என்பார். மேல்வாயில் முன்பல்லே இல்லையே என்று பதறும் புதுக் கிராக்கியிடம், "எந்த மாட்டுக்குங்க இருக்கு? இருந்தா காட்டுங்க, நானே வாங்கிக்கறேன்" என்று சிரிப்பார்.

அப்பேர்ப்பட்ட நாக்கு மாமனாரிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை. ஓய்வுபெற்ற கிடங்கு மேற்பார்வையாளரான அந்தப் பெரியவர் வாயைத் திறந்தால் ஒரு தொழுவமே வெளியே வரும். மகன் பன்னி. மனைவி, பாவம், கடைசி மூச்சுவரை கழுதை. பக்கத்து வீட்டுக்காரர் கிழட்டுக் கிடா. மூத்த மகளைக் கட்டிக்கொண்ட தரகரோ, கல்யாணமான மறுநாளிலிருந்து எருமை.

"அப்பா பேசறது உங்களுக்கு உறைக்கவே உறைக்காதா?" என்று தரகரின் மனைவி கண்ணீர் வடிப்பாள்.

"எருமைப் பாலுக்குத்தாண்டி விலை அதிகம். மாமா என்னை மட்டமா மதிக்கல" என்பார் தரகர். ஆனாலும் அன்று இரண்டு வாய் குறைவாகத்தான் சாப்பிடுவார்.

அந்தப் பெரியவர் சமையற்காரம்மாவைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே பாதி வார்த்தையில் போய்ச் சேர்ந்தார். அந்த அம்மாள் எந்த மிருகம் என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று.

அஞ்சலிக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. கண்கள்தான் வறண்டிருந்தன.

"வீட்டுக்காரங்க யாராவது பேசறீங்களா?" என்று கூடத்து மேலாளர் கேட்டார். மகன் தன் செருப்பை ஆராய்ந்தான். கிழட்டுக் கிடா கொட்டாவி விட்டது.

மனைவி தரகரின் சட்டைக் கையைப் பற்றினாள். "ஒரே ஒரு நல்ல வார்த்தைங்க. அதுகூட இல்லாம எங்கப்பாவை எப்படி அனுப்புவேன்? பொய்யா மட்டும் சொல்லிடாதீங்க."

அந்தப் பேதை நெஞ்சின் தவிப்பைக் கண்டால் கல்லும் கரையும். தரகர் எழுந்து போய்ச் சவப்பெட்டியருகே நின்றார். தலை முதல் கால்வரை ஒருமுறை மாமனாரைப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் குறைதான். கடைசியில் பழக்கம் கைகொடுத்தது.

"மாமா முட்டுவாரு" என்றார்.

கூடம் நிமிர்ந்தது.

"இல்லன்னு சொன்னா நம்புவீங்களா? நல்லாவே முட்டுவாரு. ஆனா ஒண்ணு. முட்டறதையெல்லாம் நேருக்கு நேர் வந்துதான் முட்டுவாரு. சாதுவா நிக்கற மாடு இருக்கு பாருங்க, பால் கறக்க உட்கார்ந்தா பக்கவாட்டுல உதைக்கும். அந்த வேலை மாமாகிட்ட கிடையாது. அவரு நம்ம முதுகுக்குப் பின்னாடி நம்மளப் பத்தி ஏதாச்சும் சொன்னதாக் கேள்விப்பட்டவங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். மகனின் தோள் குலுங்கத் தொடங்கியது.

"நிஜந்தானய்யா" என்று பக்கத்து வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். "மூஞ்சிக்கு நேரா திட்டினாரே தவிர, வேற யார்கிட்டயும் போட்டுக் கொடுத்ததில்ல. தங்கமான மனுஷன். நாமதான் கண்டுக்காம விட்டுட்டோம்."

அந்தக் குரலில் தரகருக்குச் சந்தையின் வாசம் அடித்தது. கிராக்கி மசிகிறது! அவ்வளவுதான், நாக்குக்குக் கடிவாளம் அறுந்தது.

"வைத்தியச் செலவு வச்சதே இல்ல! போட்டதைத் தின்பாரு! வயசு எழுபது தாண்டியும் ஒரு பல்லு ஆடல, சந்தேகம்னா இப்பவே..." என்றபடி மாமனாரின் மேலுதட்டை நோக்கிக் கையை நீட்டிவிட்டார்.

மனைவி பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து வராத கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதற்கு நடுவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"போதும் நிறுத்துங்க! இதுக்கு மேல சொன்னீங்கன்னா, இவ்வளவு நல்லவரை ஏன் விடறீங்க, வீட்டுக்கே திருப்பி ஓட்டிட்டுப் போங்கன்னு சொல்லிடப் போறாங்க!"