நன்றாக நடிப்பவர்

டேமியனைப் பாரிசின் லாச்சப்பல் பகுதியில் எல்லோரும் ‘இத்தாலிக்காரன்’ என்றுதான் சொல்வார்கள். ஆள் சுத்த யாழ்ப்பாணம். இளவயதிலேயே பலெர்மோவுக்குப் போய், இத்தாலிக் கடவுச்சீட்டும் எடுத்து, தலை நரைக்கிற நேரம் இங்கே வந்தவர். ஓர் உணவகத்தில் சமையல் வேலை. ஆனால் யாரைக் கண்டாலும், தான் அங்கே பாடகர், நடிகர், படமும் இயக்கியவர் என்பார். யாருக்குத்தான் சந்தேகம் வராது? ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கிற என் தையல்கடைக்கு வரும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அவருக்கும் டிலானிக்கும் கல்யாணப் பேச்சு எழுந்ததும் அவளுடைய தமையன் சூசைநாதனுக்கு நித்திரை போய்விட்டது. மீன் வாங்கினாலே செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற மனுசன், தங்கச்சி விஷயத்தில் விடுவாரா? அங்கே ஒரு குடும்பம் இருந்தால்? சொல்வதெல்லாம் புளுகென்றால்? கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க டிலானியைக் கூட்டிவந்த இடத்தில், என் கடையில் நின்றபடியே பலெர்மோவில் தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

“டேமியனோ? அவன் நல்லா நடிப்பான். எங்கள் எல்லாருக்கும் படம் காட்டினவன்.”

சூசைநாதன் பட்டென்று துண்டித்தார். முகம் கறுத்துவிட்டது. ஊரை ஏமாற்றுகிறவனுக்குத் தங்கச்சியைக் கொடுக்க மாட்டேன், ரவிக்கையும் வேண்டாம் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தாள் சொல்லி முடிக்கவில்லையே, திருப்பி எடுங்கள் என்று விடாப்பிடியாக நின்றேன். எடுத்தார். விஷயம் இதுதான்: டேமியன் தேவாலயத்தில் பாடினவர்; பெரிய வெள்ளி நாடகத்தில் யூதாசாக நடித்தவர்; வேலை முடிந்த நேரத்தில் கூட்டாளிகளோடு குறும்படம் எடுத்து, தேவாலய மண்டபத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினவர். குடும்பம் கிடையாது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சூசைநாதன் சிரிக்கவில்லை.

“அப்ப அந்தப் படங்களிலை கதாநாயகி ஆர்?”

அட கடவுளே, இந்த மனுசனை என்ன செய்வது! டிலானி தமையனுக்கு நேரே வந்து நின்றாள்.

“அண்ணை, பலெர்மோ முழுக்க விசாரிச்சியள். அவரை எனக்கு விருப்பமோ எண்டு என்னட்டை ஒருக்காவது கேட்டனீங்களோ?”

சூசைநாதன் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு அவளிடம் கேட்டார். ‘ஓம்’ என்று சொல்ல முதல் அவள் அழுதுவிட்டாள்.